கியூப்பும் பேர்ச்சும் கன மீற்றரும்: கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் உள்ளளவு 12 அடிக்கு 10 அடியில் ஓர் அறை எடுக்கிறோம். நிலத்துக்கு 4 அங்குலம் கொங்கிறீற் போட வேண்டும். மேசன் பாஸ் எல்லாவற்றையும் அடி, கியூப், நூல் என்றுதான் சொல்கிறார். டைல்ஸ் கடையில் சதுர மீற்றர். காணி உறுதியில் 6 பேர்ச், புதிய நில அளவைப் படத்தில் 0.0152 ஹெக்டேயர். இரண்டும் ஒன்றுதானா? இதற்கிடையில் தரம் 8 படிக்கும் மகன், 1 சதுர மீற்றர் என்பது 100 சதுர சென்ரிமீற்றர் என்று எழுதிப் பிழை வாங்கி வந்திருக்கிறான். ஏன் பிழை என்று விளங்கப்படுத்த எனக்கும் தெரியவில்லை. (வாசகி, கொழும்பு 13)

பதில்: மகனின் பிழையிலிருந்தே தொடங்குவோம். அதே பிழைதான் மணல் லொறியிலும் டைல்ஸ் பெட்டியிலும் வேறு வேடத்தில் வந்து காசைக் கரைக்கிறது.

1 மீற்றர் 100 சென்ரிமீற்றர் என்பது நீளத்துக்கு மட்டும் உரிய கணக்கு. பக்கம் 1 மீற்றர் உள்ள சதுரம் ஒன்றைத் தரையில் சோக்கால் கீறச் சொல்லுங்கள். அதன் ஒரு விளிம்பை ஒட்டி 1 சென்ரிமீற்றர் சதுரங்களை அடுக்கினால் ஒரு வரிசைக்கு 100 பிடிக்கும். அப்படி எத்தனை வரிசை? அதுவும் 100. ஆகவே 100 × 100 = 10,000 சதுர சென்ரிமீற்றர். அவன் முதல் வரிசையோடு நின்றுவிட்டான், அவ்வளவுதான். கன அளவென்றால் உயரத்துக்கும் ஒரு 100 சேரும்: 1 கன மீற்றர் = 10,00,000 கன சென்ரிமீற்றர். தசமப் புள்ளி நீளத்துக்கு 2 இடம், பரப்புக்கு 4, கன அளவுக்கு 6 நகரும் என்று கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

லீற்றரும் இதற்குள்தான் இருக்கிறது. 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள பெட்டி 1,000 கன சென்ரிமீற்றர் கொள்ளும், அதுதான் 1 லீற்றர். 1 கன மீற்றருக்குள் இப்படி 1,000 பெட்டி அடங்கும். உங்கள் தண்ணீர் பில்லில் உள்ள ஓர் அலகு என்பதும் இந்த 1 கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர். அதே வீட்டு மின்சார பில்லின் அலகு கிலோவாற்று மணி. பெயர் ஒன்று, பொருள் வேறு. மகனுக்கு அதையும் காட்டுங்கள்.

அடிக்கணக்கும் இந்த விதிக்குத் தப்பாது. 1 அடி 12 அங்குலம், 1 சதுர அடி 144 சதுர அங்குலம், 1 கன அடி 1,728 கன அங்குலம். அடியிலிருந்து மீற்றருக்குப் போக ஒரேயொரு எண்ணை மனனம் செய்தால் போதும்: 1 அடி = 0.3048 மீற்றர். இது தோராயம் அல்ல. 1 அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று 1959 இல் நாடுகளுக்கிடையில் ஒப்புக்கொள்ளப்பட்டது, அதை 12 ஆல் பெருக்கினால் வருவது இது. கல்குலேற்றரில் 0.3048 ஐ இருமுறை பெருக்கினால் சதுர அடிக்குரிய 0.0929 வரும். மூன்று முறை பெருக்கினால் கன அடிக்குரிய 0.0283. தனித்தனி அட்டவணை எதற்கு?

இனி உங்கள் கொங்கிறீற். முதலில் நடக்கும் தவறு, 12 × 10 × 4 = 480 என்று பெருக்கி அதைக் கன அடி என்று நினைப்பது. அடியையும் அங்குலத்தையும் ஒரே பெருக்கலில் போடக்கூடாது. 4 அங்குலம் என்பது அடியில் 4/12, மூன்றில் ஒன்று. ஆகவே 12 × 10 ÷ 3 = 40 கன அடி. மீற்றரில் சரிபார்ப்போம்: 3.658 × 3.048 × 0.1016 = 1.133 கன மீற்றர். 40 ஐ 0.0283 ஆல் பெருக்கினாலும் 1.13 தான். இரண்டு வழியில் ஒரே விடை வந்தால் நிம்மதியாகக் கடைக்குப் போகலாம்.

கியூப் என்ற சொல்லில்தான் பெரிய குழி. கட்டட வேலையில் நாங்கள் சொல்லும் 1 கியூப் மணல் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். பெயரைக் கேட்டுவிட்டு அதைக் கன மீற்றர் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். ரெடிமிக்ஸ் கொங்கிறீற் கன மீற்றரில் வரும், மணலும் கல்லும் கியூப்பில் வரும். 1.13 கன மீற்றர் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து 1.13 கியூப் ஓடர் பண்ணினால் தேவையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்து வாசலில் கொட்டும். உங்கள் 40 கன அடி வெறும் 0.4 கியூப்.

ஆனால் 0.4 கியூப் என்பது போட்டு இறுகிய கொங்கிறீற்றின் அளவு. மணல் கல்லின் இடைவெளிக்குள் போகும், சீமெந்து மணலின் இடைவெளிக்குள் போகும். அதனால் உலர்ந்த பொருள்கள் கூடுதலாகத் தேவை. வழக்கமாக 1.54 ஆல் பெருக்குவார்கள்: 40 × 1.54 = 61.6 கன அடி. 1:2:4 கலவை என்றால் மொத்தம் 7 பங்கு, ஒரு பங்கு 8.8 கன அடி. சீமெந்து 8.8, மணல் 17.6, முக்கால் அங்குலக் கல் 35.2 கன அடி. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி (0.0347 கன மீற்றர்) என்பதால் 7 பைக்குச் சற்று மேலே வருகிறது. 8 பை எடுங்கள். கல் 0.35 கியூப், சேதாரத்தோடு 0.4.

மணலில் மட்டும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஈரமான மணல் உப்பி நிற்கும். மணிகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைப்பதால் மெல்லிய மணல் 20 முதல் 30 வீதம் வரை கூடுதல் இடம் பிடிக்கும். கொழும்பில் மழைக்காலத்தில் வாங்கும் மணல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே 17.6 கன அடிக்கு 22 கன அடி தேவை, கால் கியூப் என்று சொன்னால் சரியாக இருக்கும். பூச்சு வேலைக்கான மணல் இதில் சேரவில்லை. இது தரைக் கொங்கிறீற்றுக்கான கணக்கு. மேல் தட்டுப் போடுவதானால் தடிப்பையும் கலவையையும் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

லொறி வந்ததும் டேப்பைக் கொண்டு போங்கள். பெட்டியின் உள் நீளம், உள் அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கி 100 ஆல் வகுத்தால் கியூப். 8 × 6 × 2 அடி என்றால் 96 கன அடி, ஏறத்தாழ 1 கியூப். மணல் நடுவில் கோபுரம்போல் குவிந்திருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மட்டப்படுத்திய பிறகு அளக்கச் சொல்லுங்கள். டேப்பில் 5 அடி 6 அங்குலம் கண்டால் 5.6 என்று எழுதாதீர்கள், அது 5.5 அடி. 6 ஐ 12 ஆல் வகுத்த பின்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும். இந்தப் பிழை தச்சு வேலையில் கதவையே குறுக்கிவிடும்.

டைல்ஸில் சிக்கல் வேறு விதம். கடையில் ‘இரண்டுக்கு இரண்டு’ என்பார்கள். பெட்டியில் 600 × 600 என்று மில்லிமீற்றரில் அச்சிட்டிருக்கும். இரண்டு அடி உண்மையில் 609.6 மில்லிமீற்றர். ஒரு பக்கத்தில் 9.6 மில்லிமீற்றர் குறைவதெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். இரு பக்கமும் குறைவதால் பரப்பு 3 வீதம் குறைகிறது: 4 சதுர அடி என்பது 0.372 சதுர மீற்றர், டைல் 0.36 தான். உங்கள் அறை 120 சதுர அடி, 11.15 சதுர மீற்றர். நான்கால் வகுத்தவர் 30 டைல் என்பார். 0.36 ஆல் வகுத்தால் 31. வெட்டுச் சேதம் 10 வீதம் சேர்த்தால் 12.27 சதுர மீற்றர். பெட்டிக்கு 4 டைல் என்றால் 1.44 சதுர மீற்றர், ஆகவே 8.5 பெட்டி. 9 வாங்குங்கள், ஒரே தொகுதி இலக்கம் உள்ள பெட்டிகளாகப் பார்த்து. பிறகு ஒன்றிரண்டு வாங்கப் போனால் நிறம் பொருந்தாது. சுவரோரம் பதிக்கும் ஸ்கேர்ட்டிங் துண்டுகளுக்கும் அதே டைலை வெட்டுவதானால் அதைத் தனியாகக் கூட்டுங்கள்.

காணிக்கு வருவோம். 1 பேர்ச் என்பது பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, 272.25 சதுர அடி, மீற்றரில் 25.29 சதுர மீற்றர். 6 பேர்ச் 1,633.5 சதுர அடி, 151.76 சதுர மீற்றர். 1 ஹெக்டேயர் 10,000 சதுர மீற்றர் என்பதால் இது 0.015176 ஹெக்டேயர். படத்தில் நான்கு தசம இடத்துக்கு மட்டந்தட்டி 0.0152 என்று போட்டிருக்கிறார்கள். ஆம், உறுதியும் படமும் ஒத்துத்தான் போகின்றன. நான்காவது தசம இடம் 1 சதுர மீற்றரைக் குறிக்கும். ஆகவே மட்டந்தட்டலால் வரக்கூடிய வித்தியாசம் அரைச் சதுர மீற்றருக்கு மேல் போகாது, பேர்ச்சில் ஐம்பதில் ஒரு பங்கு. ஹெக்டேயரை 395.37 ஆல் பெருக்கினால் பேர்ச் கிடைக்கும். உங்கள் படத்தில் 0.0148 என்று இருந்திருந்தால் 5.85 பேர்ச் வரும், அதை மட்டந்தட்டல் என்று விட்டுவிட முடியாது. அப்போது எந்த எல்லை மாறியது என்று உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பழைய உறுதிகளில் ஏக்கர், றூட், பேர்ச் மூன்றும் வரிசையாக இருக்கும். 0-1-10 என்பதை 1.10 என்று வாசிப்பவர்கள் உண்டு. அது ஒரு றூட் பத்துப் பேர்ச். 1 றூட் 40 பேர்ச் என்பதால் மொத்தம் 50 பேர்ச். 4 றூட் சேர்ந்தால் 1 ஏக்கர், 160 பேர்ச்.

ஒரே பெயரில் இரண்டு அளவு இருப்பது கியூப்புக்கும் அலகுக்கும் மட்டும் உரிய குணமல்ல. பிரித்தானிய கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 தான். 200 கலன் தண்ணீர்த் தாங்கி முதற் கணக்கில் 909 லீற்றர், அடுத்ததில் 757. லீற்றரில் கேளுங்கள். செட்டியார் தெருவில் நகை பார்க்கும்போது இன்னொன்று: உலகச் சந்தையின் தங்க விலை அவுன்சுக்குச் சொல்லப்படும், ஆனால் அது சாதாரண 28.35 கிராம் அவுன்ஸ் அல்ல, 31.10 கிராம். 8 கிராம் பவுன் கணக்கில் ஓர் அவுன்ஸ் 3.89 பவுன்.

பாஸ் சொல்லும் நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மில்லிமீற்றர். நாலு நூல் கம்பி என்றால் அரை அங்குலம், 12.7. கடையில் கிடைப்பது 12 மில்லிமீற்றர். விட்டத்தில் 5.5 வீதக் குறைவுதான், ஆனால் கம்பியின் வலு வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது, அது வர்க்கமாகக் குறைவதால் 10.7 வீதம் போய்விடும். நிறையைச் சரிபார்க்க, மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தைத் தன்னால் பெருக்கி 162 ஆல் வகுங்கள்: 12 × 12 ÷ 162 = மீற்றருக்கு 0.889 கிலோ. வாங்கிய கம்பியை நிறுத்துப் பார்த்து இதைவிட நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிந்தது.

பிவிசி பைப்புக்கு மட்டும் கல்குலேற்றரை எடுக்கவே வேண்டாம். அங்கே அங்குலம் வெறும் பெயர். அரை அங்குலம் என்பதை 12.7 ஆக மாற்றிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். மில்லிமீற்றர் எண் பைப்பின் வெளிவிட்டம்: அரை அங்குலத்துக்கு 20, முக்காலுக்கு 25, ஒரு அங்குலத்துக்கு 32. பைப்பின் மேல் அச்சிட்ட எண்ணும் பொருத்தும் எல்போவின் எண்ணும் ஒன்றா என்று பார்த்து எடுங்கள்.