வீட்டு வருமானம் எத்தனையாவது படி?

கேள்வி: "உங்கள் வயதுக்காரர்களில் உங்கள் வீட்டு வருமானம் 70-வது பெர்சன்டைல்" என்றெல்லாம் கணக்குச் சொல்கிறார்கள். சில ஆயிரம் வீடுகளில் கேட்டுவிட்டு நாட்டுக்கே எப்படி இடம் போடுகிறார்கள்? (செங்கோட்டை வாசகர்)

பதில்: எடை போட்டுத்தான். பள்ளிப் பாடத்தில் நூற்றுமானம் என்று படித்ததும் இந்தப் பெர்சன்டைலும் ஒன்றே: 70-வது என்றால் நூற்றுக்கு 70 வீடுகள் உங்களுக்குக் கீழே. சாம்பிளில் வந்த ஒவ்வொரு வீடும் தன்னைப் போன்ற எத்தனை வீடுகளுக்காக நிற்கிறது என்பதற்குத் தரவிலேயே ஓர் எண் இருக்கும்; அதுதான் எடை. நம் தேசிய மாதிரி ஆய்வில் அதற்கு மல்டிப்ளையர் என்று பெயர்.

குடும்பத் தலைவரின் வயதைத்தான் வீட்டின் வயதாகக் கொள்வார்கள். தலைவருக்கு 35–44 வயதான ஐந்து வீடுகளை உதாரணத்துக்கு எடுப்போம். ஆண்டு வருமானம் ஏறுவரிசையில் 1.2, 1.8, 2.4, 4, 9 லட்சம் ரூபாய். எடை முறையே 900, 1,400, 1,100, 400, 200. எடைகளை அடுத்தடுத்துக் கூட்டினால் 900, 2,300, 3,400, 3,800, 4,000. மொத்தத்தில் பாதியான 2,000 இரண்டாவது வீட்டில் விழுகிறது. ஆக 50-வது பெர்சன்டைல் 1.8 லட்சம். எடையை மறந்து வரிசையின் நடு வீட்டை எடுத்தால் 2.4 லட்சம் என்று வரும்; மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! எக்செல்லில் உள்ள பெர்சன்டைல் சூத்திரத்துக்கு எடை தெரியாது. பலர் சறுக்குவது அங்கேதான்.

வசதியான வீடுகளுக்கு எடை ஏன் குறைவு? அவை எண்ணிக்கையில் கொஞ்சம் என்பதால் சாம்பிளில் அகப்படாமல் போகலாம். எனவே வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்ப்பார்கள். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமத்தில் நிலத்தையும் நகரத்தில் காரையும் பார்த்து வீடுகளைப் பிரித்தார்கள். கூடச் சேர்த்ததை எடை குறைத்து ஈடுகட்டுவது வழக்கம்.

இன்னொன்று: தரவு ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும். முதலில் வீட்டுக்கு வீடு வருமானத்தைக் கூட்டி, தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் எண் 1 உள்ள (அதாவது தலைவரே ஆன) நபரின் வயதைச் சேர்த்து, வீட்டுக்கு ஒரு வரி மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் ஏழு பேர் வீடு ஏழு முறை எண்ணப்படும்.

கேள்வி: மாமனாருக்கு 70 வயது, ரேஷன் கார்டில் அவர்தான் தலைவர். ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவது நானும் என் வீட்டுக்காரரும். கொழுந்தன் இரண்டு வருடமாகத் துபாயில். நாங்கள் எந்த வயதுக் கணக்கில் வருவோம்? (கம்பம் வாசகி)

பதில்: பெரும்பாலும் 70-ல்தான். கார்டைப் பார்ப்பதில்லை, வீட்டார் யாரைத் தலைவர் என்கிறார்களோ அவர். ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளியில் இருப்பவர் அதில் சேரமாட்டார். ஆகவே கொழுந்தனின் சம்பளம் கணக்கில் வராது. வருமான ஆய்வு என்றால் அவர் அனுப்பும் பணம் வரும்.

விளைவு என்ன? உங்கள் உழைப்பெல்லாம் '65-க்கு மேல்' கட்டத்தில் போய் உட்காரும். அதைப் பார்த்து முதியவர்கள் செழிப்பாக இருக்கிறார்கள் என்று எழுதுவது அபத்தம். தலைவருக்குப் பதில் அதிகம் சம்பாதிப்பவரின் வயதை வைத்து இன்னொரு முறை போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைப்பதே நேர்மை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீடோ வாடகை ஒப்பந்தமோ யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் ஆதாரமாகக் கொள்கிறார்கள். அந்த அட்டவணையில் நம் வீட்டைத் தேடக்கூடாது.

தினக்கூலியை மாதமாக்கும்போதும் கவனம் தேவை. நாளுக்கு 600 ரூபாய், வாரம் 5 நாள் என்றால் 3,000. அதை 30/7-ஆல் பெருக்கினால் 12,857. வெறும் நாலால் பெருக்கினால் 857 ரூபாய் காணாமல் போகும். பறிப்பு சீசனில் கேட்ட ஒரு வாரத்தை 52-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்பது அதைவிடப் பெரிய பிழை.

கேள்வி: அரசுத் தரவை வைத்து எங்கள் மண்டலத்துக்கு (உங்கள் ஊர்த் தாலுகா போல) மட்டும் வயதுவாரியாகப் போட முடியுமா? (நகரி வாசகர்)

பதில்: முடியாது. ஒரு மண்டலத்தில், ஒரு வயதுக் கட்டத்தில் கைவிரல் விட்டு எண்ணும் வீடுகள்கூடத் தேறாது. மாநில அளவில் முயலலாம், ஆனால் எந்தத் தரவு என்று பாருங்கள். நுகர்வுச் செலவு ஆய்வு வருமானத்தைக் கேட்பதில்லை, செலவைத்தான் கேட்கிறது. 2017-ல் தொடங்கிய தொழிலாளர் ஆய்வான பி.எல்.எஃப்.எஸ். 2024 வரை வேலையிலிருந்து வரும் வருவாயை மட்டும் கேட்டது. அந்த ஆண்டுகளின் தரவில் பென்ஷன், வாடகை, உறவினர் அனுப்பும் பணத்தில் வாழ்பவர்கள் எண் 94 என்ற குறியோடு பூஜ்யமாக நிற்பார்கள். அதைக் கூட்டிக் குடும்ப வருமானம் என்று பெயரிட்டால் ரிட்டயர்ட் ஆசிரியர் வீடு பரம ஏழை வீடாகிவிடும். பி.எல்.எஃப்.எஸ். பழைய கோப்புகளில் மல்டிப்ளையரைச் சில வரிகளில் 100-ஆலும் சிலவற்றில் 200-ஆலும் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் பெர்சன்டைலே பிசகும்.

வருமானத்தை விரிவாகக் கேட்ட ஐ.எச்.டி.எஸ். (இந்திய மனித வளர்ச்சி ஆய்வு) என்ற ஆய்வில் 2004-05, 2011-12 சுற்றுகளில் 40,000-க்கும் அதிகமான வீடுகள் உண்டு. பழசுதான், ஆனாலும் முறை பழக அதுவே நல்லது. விசைத்தறியில் நட்டம் என்று கழித்தல் குறியோடு வரும் வீடுகளை அழிக்காதீர்கள், அவை வரிசையின் அடியில் இருக்கவேண்டியவை. வயதை 40, 45, 50 என்று முழுசாகச் சொல்வது நம் பழக்கம். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாகப் போடாமல் பத்தாண்டுக் கட்டமாகவே பிரியுங்கள்.