சர்வர் மாற்றம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பழைய காசு சேர்க்கிற நண்பர்கள் சேர்ந்து நடத்தும் தளம் ஒன்றைப் போன மாதம் புது சர்வருக்கு மாற்றினேன். பன்னிரண்டு வருடப் பேச்சு, 38 ஜிபி படம். முக்கால்வாசி தேய்ந்துபோன செப்புக்காசுகள். பகலில் சர்வர் பார்ப்பதுதான் என் பிழைப்பு, காசு ராத்திரிப் பைத்தியம். விஷயம் வெளியே தெரிந்ததும் மற்ற குழுக்காரர்களும் கேள்விகளோடு வந்துவிட்டார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்கவில்லை.

மாடித்தோட்டக் குழு, கோவை: அண்ணா, எங்கள் தளம் ஆமை மாதிரி நகர்கிறது. ஹோஸ்டிங்காரர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறினால் போதுமா?

முதலில் எப்போது நகரவில்லை என்று பாருங்கள். நீங்கள் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒண்டுக்குடித்தனம். சாயங்காலம் மட்டும் இழுத்தால் பக்கத்துப் போர்ஷன்காரர் குழாயைத் திறந்து விட்டிருக்கிறார், வீடு மாறலாம். விடியற்காலை நாலு மணிக்கும் இழுத்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். எங்கள் முகப்பில் இருபது காசுப் படங்கள், ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே 4 எம்பி. அவற்றைச் சுருக்கியதிலேயே பாதிப் புகார் நின்றுவிட்டது. குப்பையைக் கட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போகாதீர்கள்.

அதே குழு: சர்வர் எந்த ஊரில் இருந்தால் நல்லது?

உறுப்பினர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் என்றால் மும்பை, சென்னை, சிங்கப்பூர் எதுவும் சரி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். கடலடி ஃபைபரில் ஒளி போய்வர 30 மில்லிசெகண்ட் ஆகும். தக்காளிச் செடிக்கு என்ன நோய் என்று கேட்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. விலையைப் பாருங்கள்.

பறவை பார்ப்போர் குழு, திருநெல்வேலி: சார், டேட்டாபேஸைப் புது சர்வரில் ஏற்றினேன். தமிழ் முழுக்கப் போய்விட்டது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதே திரும்பத் திரும்ப வரிசையாக நிற்கிறது. பழைய சர்வரில் பார்த்தால் நன்றாக இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

தப்பு உங்களுடையது இல்லை, தளத்தை முதலில் நிறுவியவருடையது. அவர் மேலும் பழி இல்லை, அப்போதைய வழக்கம் அது. உங்கள் தமிழ் எங்கும் போகவில்லை. வேஷம்தான் மாறியிருக்கிறது.

எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட், அதாவது 3 எண். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்கிறது. இதே எண்களை லத்தீன் அட்டவணையில் படித்தால் 224 என்பது சாய்கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். நீங்கள் பார்த்த வரிசை அதுதான். இடையிடையே ஆருக்குப் பதில் மேலே ஒரு கோடு மட்டும் வந்திருக்குமே, அது 175.

ஏன் இப்படி? டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் 5.7ஆம் பதிப்பு வரைக்கும், நாமாகச் சொல்லாவிட்டால் டேபிளுக்கு லத்தீன்1 என்றுதான் பெயர்ப்பலகை மாட்டும். தளத்தின் மென்பொருள் அந்தப் பெட்டிக்குள் தமிழ் பைட்டுகளைப் போட்டது, அப்படியே எடுத்தது. யாரும் பலகையைப் படிக்கவில்லை, காரியம் நடந்தது. டம்ப் எடுக்கும்போதுதான், அதாவது டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கும்போதுதான், முதல்முறையாக ஒருவர் பலகையைப் படிக்கிறார். 'ஓ, லத்தீனா' என்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி யுடிஎஃப்-8க்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறார். 3 பைட் தமிழ் 6, 7 பைட் குப்பையாகிறது.

வழி இதுதான். பழைய சர்வரிலிருந்து மறுபடி டம்ப் எடுங்கள். எடுக்கும்போது எழுத்துமுறை லத்தீன்1 என்றே சொல்லிவிடுங்கள், அப்போது அது எதையும் மாற்றாது. டம்புக்குள் எழுத்துமுறையை அறிவிக்கும் வரி வராதபடி தடுங்கள். டேபிள்களின் வரையறையில் லத்தீன்1 என்று இருக்கும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். பிறகு யுடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்றுங்கள். ஆனால் முதலில் ஒரே ஒரு டேபிளை மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் தளத்தில் பாதி டேபிள் சரியாகவும் பாதி தப்பாகவும் இருக்கலாம், எங்களுடையதில் அப்படித்தான் இருந்தது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குப்பையான டம்பை எடிட்டரில் திறந்து 'திருப்பி மாற்று' என்று கொடுக்காதீர்கள். லத்தீன் அட்டவணையின் விண்டோஸ் வடிவமான 1252-இல் 129, 141, 143, 144 என்ற இடங்களில் எழுத்தே கிடையாது. நம் உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. உயிரெழுத்து ஏவுக்கு 143, ஐக்கு 144. பல கருவிகள் இவற்றைத் தூக்கி எறிந்துவிடும். ஒத்திகையில் நான் இதைச் செய்து பார்த்தேன். 'பாண்டியர் காசு' என்பது 'பாண?டியர? காச?' என்று வந்தது. புள்ளி போன தமிழை எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது, எங்கே புள்ளி இருந்தது, எங்கே உகரம் இருந்தது என்று ஆளை வைத்துப் படித்தால்தான் உண்டு. ஒத்திகை என்பதால் தப்பித்தேன்.

அவரே: அப்படியானால் 'யுடிஎஃப்8' என்று வைத்தால் போதாதா? அதென்ன எம்பி4?

மைஎஸ்க்யூஎல் 'யுடிஎஃப்8' என்று சொல்வது 3 பைட்டோடு நின்றுவிடும் அரைகுறை. தமிழுக்கு 3 பைட் போதும், அதனால் குறை உங்கள் கண்ணில் படாது. யாராவது சிரிப்புப் பொம்மை போட்டால்தான் தெரியும். அது 4 பைட். பழைய அமைப்பில் பொம்மையோடு சேர்த்து அதற்குப் பிறகு எழுதிய முழுவதும் வெட்டுப்படும். எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. முந்திரி, காணி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யுனிகோடின் 12ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. மற்ற தமிழ் எழுத்துகளுக்குப் பக்கத்தில் இல்லை, தொலைவில் வேறு தெருவில் இடம் கொடுத்திருக்கிறார்கள், எனவே 4 பைட். பழங்கணக்கு பேசுகிற குழுவுக்கு முந்திரி எழுத முடியாத டேபிள் எதற்கு?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: தம்பி, 2002, 2003 வாக்கில் நாங்கள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் எழுதியவை பழைய டிஸ்கில் இருக்கின்றன. அவற்றையும் புதுத் தளத்தில் சேர்க்க முடியுமா?

முடியும் ஐயா, செய்யவும் வேண்டும். அந்தக் கால எழுத்துகள் நிறைய குழுமங்களோடு போய்விட்டன. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடின. அதற்கு முந்தின வருடமே பழைய மடல்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெடு வைத்தார்கள், எடுக்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

திஸ்கியில் ஒரு சிக்கல். அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதுவது. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யுனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். நல்ல மாற்றிகள் அதைச் செய்யும். மாற்றிய பிறகு கொம்பு வருகிற சொற்களாகப் பார்த்துச் சரிபாருங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். டிஸ்கை என்னிடம் அனுப்பினாலும் சரி, படித்துப் பார்க்க எனக்கும் ஆசை.

பழைய ரேடியோ பழுது பார்ப்போர், ஈரோடு: மாற்றி முடித்து மூன்று நாள். சிலருக்குப் பழைய தளம் தெரிகிறது, சிலருக்குப் புதியது. இரண்டிலும் ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தலை சுற்றுகிறது அண்ணே.

இப்போதே பழையதை வாசிக்க மட்டும் என்று பூட்டுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

பூட்டியாயிற்றா? தளத்தின் பெயர் எந்த சர்வர் முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ் பதிவு. அதற்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு. உங்களுடையது 86400 விநாடி இருந்திருக்கும், அதாவது ஒரு முழு நாள். அதுவரை இணைய நிறுவனங்களின் கணினிகள் பழைய முகவரியையே சொல்லும். சில அதற்கு மேலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கியிருக்க வேண்டும். மாற்றுகிற அன்றைக்குக் குறைத்துப் பிரயோஜனமில்லை, பழைய ஆயுள் தீரும் வரை குறைத்த செய்தியே யாருக்கும் போய்ச் சேராது.

நாங்கள் செய்தது: ராத்திரி 11 மணிக்குப் பழையதைப் பூட்டினேன், கடைசி டம்ப் எடுத்தேன், புதியதில் ஏற்றினேன், என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது முகவரியை எழுதி உள்ளே நடந்து பார்த்தேன். எல்லாம் சரியென்ற பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றினேன். கூடவே, பழைய சர்வருக்கு வருகிறவர்களைச் சத்தமில்லாமல் புதியதற்குக் கடத்திவிடும்படி பிராக்ஸி போட்டேன். யார் எந்தக் கதவில் நுழைந்தாலும் ஒரே கூடத்துக்குத்தான் வந்தார்கள்.

உங்கள் மூன்று நாள் பதிவுகளைத் தானாக ஒட்டவைக்க முயலாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண்கள் ஓடியிருக்கும், மோதும். பழையதில் விழுந்தவற்றைப் பட்டியலெடுத்துக் கையால் சேருங்கள். மூன்று நாள்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மாடித்தோட்டக் குழு மறுபடி: ஒத்திகை பார்த்தோம். சில படங்கள் மட்டும் தெரியவில்லை. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது.

பழைய சர்வர் விண்டோஸா? அதற்குப் பெரிய எழுத்து ஜேபிஜியும் சின்ன எழுத்து ஜேபிஜியும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்புப் பெயர் தமிழில் இருந்து, இடையில் யாராவது பழைய மேக்கில் இறக்கி ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். பழைய மேக் 'கொ'வின் உயிர்க்குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். 'கொய்யா' கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், சர்வருக்கு இரண்டு வேறு பெயர். கத்தரிக்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

நாணயக் குழு உறுப்பினர், மதுரை: மாறிய பிறகு என் பழைய பதிவுகளெல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் போட்டதாகக் காட்டுகிறதே?

என் தப்பு. பழைய சர்வர் இந்திய நேரத்தில் ஓடியது, புதியது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். சரிசெய்துவிட்டேன். மற்றவர்களுக்கு: டைம்ஸ்டாம்ப் வகை நேரத்தை யுடிசியாக வைத்துக்கொண்டு காட்டும்போது மாற்றும், டேட்டைம் வகை எழுதியதை அப்படியே வைத்திருக்கும். உங்கள் டேபிளில் எது என்று பார்க்காமல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

அவரே: பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம்.

பறவைக் குழு: புது சர்வரிலிருந்து போகும் மின்னஞ்சல் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

பல கிளவுட் நிறுவனங்கள் அஞ்சல் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டை மூடித்தான் கொடுக்கின்றன. திறந்திருந்தாலும், அஞ்சல் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் இன்னும் கறார். நேராகச் சொல்கிறேன், சொந்த மெயில் சர்வர் வைக்காதீர்கள். அஞ்சல் அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு மறந்தவருக்கு அஞ்சல் போகாவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார், வேறு குழு தேடிக்கொள்வார்.

ஈரோடு ரேடியோக்காரர்: பேக்கப் ஹோஸ்டிங்காரரே எடுக்கிறார். போதும்தானே?

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்தது. அதே வளாகத்திலேயே பேக்கப்பையும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. ஒரு பிரதி உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தபால்தலை சேகரிப்போர், திருச்சி: டொமைன் எங்களைத் தொடங்கிவைத்த பெரியவர் பெயரில் இருக்கிறது. அவர் ஆறு மாதம் முன்பு தவறிவிட்டார். புதுப்பிக்கும் கடிதங்கள் அவர் மின்னஞ்சலுக்குப் போகின்றன.

சர்வரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், இது அதைவிட அவசரம். காலாவதித் தேதியை இன்றே பாருங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டாட்காம் என்றால் தேதி தாண்டியதும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் சலுகைக் காலம், பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் காலம், கடைசியாக 5 நாள் யாரும் தொட முடியாத நிலை. அதற்குப் பிறகு எவனோ ஒருவன் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவான்.

பெரியவர் வீட்டுக்கு நேரில் போங்கள், போனில் கேட்காதீர்கள். பிள்ளைகளிடம் அவருடைய மின்னஞ்சல் திறந்த நிலையில் அவர் போனிலேயே இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அவர்களையே உட்காரவைத்துப் புதுப்பித்து, பெயர் மாற்றும் வேலையையும் அங்கேயே தொடங்குங்கள். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துக் குடும்பத்தார் பெயரில் பதிவு நிறுவனத்துக்கு எழுதுங்கள். என்ன கேட்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெயர் கைக்கு வந்ததும் வேறு நிறுவனத்துக்குத் தாவ அவசரப்படாதீர்கள், உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாள் பூட்டு விழக்கூடும்.

பறவைக் குழு: கடைசியாக ஒன்று. பழைய சர்வரை எப்போது அணைப்பது?

ஒரு மாத வாடகை சேர்த்துக் கொடுத்துவிட்டு அதன் லாகை, அதாவது யார் யார் வந்தார்கள் என்ற பதிவைப் பாருங்கள். எங்களுடையதில் மூன்றாவது வாரம் தேடுபொறிகளைத் தவிர ஒரே ஒருவர் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தார். யாரென்று பார்த்தால் காரைக்குடியிலிருந்து எங்கள் மூத்த உறுப்பினர். எப்போதோ டொமைன் தகராறு செய்த ஒரு நாளில் நான் அவருக்கு ஐபி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அதையே காலண்டர் அட்டையில் எழுதிவைத்து, பிரவுசர் காட்டும் எச்சரிக்கையைத் தினமும் தாண்டி, நாலு வருடமாக அந்த வழியாகவே வந்திருக்கிறார். போன் பண்ணி அட்டையில் தளத்தின் பெயரை எழுதச் சொன்னேன். மறுநாள் காலை ஆறேகாலுக்குப் புதுப் பக்கத்தில் அவர் பெயரைப் பார்த்துவிட்டுப் பழையதை அணைத்தேன்.