கரண்ட் வரும் வரைக்கும்: சூறாவளி, வெள்ளக் காலக் கேள்வி பதில்

மாரி மழை தொடங்கிவிட்டது. நான் இருபத்தைந்து வருடமாக வயரிங் வேலை செய்கிறவன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் கிராமத்து அனர்த்தக் குழுவிலும் இருக்கிறேன். நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

அண்ணன், சூறாவளி எச்சரிக்கை வந்தால் முதல் வேலை என்ன? (வவுணதீவு)

தண்ணீர் பிடித்து வையுங்கள் தம்பி. டோர்ச்சும் மெழுகுதிரியும் எல்லாரும் வாங்குகிறார்கள், தண்ணீரைத்தான் மறந்துவிடுகிறார்கள். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது. விடிய எழும்பிப் பார்த்தால் வளவில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாக விழுந்து கிடந்தன, வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் அம்மா கிணற்றில் வாளியை விட்டு அள்ளி அடுப்பு மூட்டிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஊருக்குக் கரண்டே வந்திருக்கவில்லை. இன்றைக்கு அதே கிணறு இருக்கிறது, மோட்டரும் இருக்கிறது, கப்பியும் கயிறும்தான் இல்லை. கரண்ட் போனால் மேல் டாங்கியில் உள்ளது மட்டும்தான் தண்ணீர், அதுவும் யாராவது ஒருவர் குளித்தால் முடிந்துவிடும். ஆகவே ஒரு வாளியும் நல்ல நைலோன் கயிறும் வாங்கி வையுங்கள், டாங்கியை நிரப்புங்கள், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லீட்டர் என்று கணக்குப் பார்த்து மூன்று நாளைக்கு மூடி வையுங்கள்.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள், வந்து குளோரின் போடுவார்கள். அதுவரைக்கும் நன்றாகக் கொதித்த தண்ணீர்தான்.

கூரையில் சோலார் போட்டிருக்கிறோம். கரண்ட் போனால் பட்டப்பகலிலும் அது வேலை செய்வதில்லை, பழுதா? (கல்முனை)

பழுதில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் கூரையிலிருந்து போகிற கரண்ட் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவரை அடித்துவிடும். கரண்ட் போன நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் தனியாகப் போட வேண்டும், செலவு கூட.

அஸ்ஸலாமு அலைக்கும் நானா. ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம், மழை நனையாமல் எங்கே வைப்பது? (சம்மாந்துறை)

வஅலைக்கும் ஸலாம் தம்பி. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளத்துக்குத் தப்பிய ஆட்கள் இதில் போய்விடுகிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். குசினி விறாந்தையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மழைச் சாரலுக்காக யன்னல் கதவெல்லாம் பூட்டு. உள்ளே பாயில் படுத்திருந்த பிள்ளைகள் இரண்டும் தலையிடி, சத்தி என்று கிடந்தன, தாய்க்கு எழும்பி நிற்க ஏலவில்லை. சாப்பாடு பிழைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் இழுத்து வெளியே முற்றத்தில் போட்டதும்தான் தெளிந்தார்கள். புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையில் இருந்தால் எழும்பவே மாட்டோம். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். மேலே நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போதும், சுற்றி அடைக்க வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் சுவரில் உள்ள சொக்கெட்டுக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். உங்கள் 230 வோல்ட் லைன் வழியாகப் பின்னால் போய் ட்ரான்ஸ்ஃபோமரில் ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். அந்தப் பக்கம் மழைக்குள் நின்று வேலை செய்கிறவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற மாற்றுச் சுவிட்ச் போட வழியில்லையென்றால் ஜெனரேட்டரில் நேரே வயர் இழுத்து ஃபிரிட்ஜையும் இரண்டு பல்பையும் மட்டும் போடுங்கள்.

மகள் கனடாவில். பனி மழையில் அங்கேயும் நாட்கணக்கில் கரண்ட் நிற்குமாமே? (தம்பிலுவில்)

உண்மைதான் அக்கா. மழைத்துளி கம்பியில் பட்டதும் ஐஸாக உறைந்து, அந்தப் பாரத்தில் லைனும் கோபுரமும் முறிந்து விழும். 1998 ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ பக்கம் அப்படி நடந்து, சில இடங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் வரவில்லை. அங்கே முதல் எதிரி குளிர். ஆனால் வீட்டுக்குள் கரி அடுப்பும் ஜெனரேட்டரும் போட்டு இதே புகையில் செத்தவர்களும் உண்டு, மகளிடம் அதைச் சொல்லுங்கள். அந்தக் கிராமங்களில் எனக்குப் பிடித்த ஒன்று, பால் கறக்கிற மெசினுக்குக் கரண்ட் இல்லாமல் மாடுகள் மடி கட்டித் தவித்தபோது, ஒரு ஜெனரேட்டரைப் பண்ணை பண்ணையாக இழுத்துக்கொண்டு போய் மாறி மாறிக் கறந்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு ஜெனரேட்டரை ஐந்தாறு வீட்டுக்கு முறை வைக்கலாம். வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தாலே டாங்கி நிறையும், ஃபோன் சார்ஜ் ஆகும்.

கம்பி அறுந்து தண்ணீருக்குள் கிடந்தால்? (மண்டூர்)

செத்த கம்பி என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம், ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும்கூட. முப்பது அடிக்குக் கிட்டப் போகாமல், பிள்ளைகளையும் மாடுகளையும் மறித்துக்கொண்டு, மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அடித்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் போலிருந்தால் கால் நனைய முன்னமே மெயின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

உம்மாவுக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படி? (அக்கரைப்பற்று)

பாவித்துக்கொண்டிருக்கிற குப்பி பெரும்பாலும் நாலு கிழமை வரை 30 பாகைக்குக் கீழே வெளியில் தாங்கும், பெட்டியில் எத்தனை நாள் என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். உடைக்காத குப்பிகளுக்கு, பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. குப்பியைத் தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். மழை நாளில் பானை பெரிதாகக் குளிராது, ஆனாலும் சூடேறாமல் காக்கும். ஐஸில் நேரே வைக்க வேண்டாம், உறைந்தால் மருந்து பழுது. சூடுபட்டிருக்குமோ என்று பயந்து ஊசியை நிறுத்தவும் வேண்டாம், போட்டுக்கொண்டே புது மருந்துக்கு வழி பாருங்கள்.

வீதியில் வெள்ளம் பாயும்போது ட்ரெக்டரில் போகலாம்தானே? (காரைதீவு)

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மாவடிப்பள்ளியில் 2024 நவம்பரில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிப் போன ட்ரெக்டரை வெள்ளம் இழுத்துப் போனது. போகவே வேண்டாம் தம்பி.

எங்கள் ஊரிலும் குழு தொடங்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? (கிரான்)

ஒரு கொப்பியிலிருந்து தங்கச்சி. புலிபாய்ந்தகல் வீதி மூடினால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் படகை விட்டால் வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் நடக்க முடியாத ஆள், யாருக்கு மூச்சு மெசின், யாருக்குப் பிள்ளை பிறக்கிற மாதம், யாரிடம் தோணி, யாரிடம் ஜெனரேட்டர். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி, ஒரு பிரதியைக் கிராம சேவகரிடம் கொடுங்கள். ஃபோனில் மட்டும் வைக்க வேண்டாம், சார்ஜ் போனால் பட்டியலும் போய்விடும். ஒன்பதாம் மாதத்துத் தாயையும் மூச்சு மெசின் ஆட்களையும் எச்சரிக்கை வந்த அன்றே, வீதி திறந்திருக்கும்போதே வைத்தியசாலைப் பக்கம் அனுப்பிவிடுங்கள், 1990 இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸும் தண்ணீரைத் தாண்டி வராது. எங்கள் கொப்பியில் 43 வீடு இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாரின் பக்கத்தை மாதா மாதம் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டு மாற்றி எழுதுகிறோம், இந்த மாதம் அதில் மூன்று பெயர்.