ரூகரா, பக் மார்க்கா?

கேள்வி: இலக்கு பார்த்துச் சுடப் பழகுகிறேன். சிறிய .22 தோட்டாவுக்கு ரூகர் மார்க் 4 கைத்துப்பாக்கி வாங்கலாமா, பிரவுனிங் பக் மார்க் வாங்கலாமா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: ரூகரையே வாங்குங்கள், சகோதரி. விசையின் மென்மையில் பக் மார்க் ஒரு படி மேல்தான். ஆனால் .22 தோட்டா கரியை அள்ளிப் பூசும். அடிக்கடி துடைத்தே ஆகவேண்டும். பக் மார்க்கைப் பிரிக்கத் திருகுகளைக் கழற்ற வேண்டும். 2016இல் வந்த மார்க் 4இல் பின்புறப் பொத்தானை அழுத்தினால் போதும், மேற்பகுதி திறந்துகொள்ளும். பழைய மார்க் 3ஐத் திரும்பப் பூட்டப் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும்! பிரிக்கும் முன் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவிவிட்டு, குழலின் பின்னே தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. வாடகைக்குத் தரும் சுடுகளத்தில் இரண்டையும் சுட்டுப் பாருங்கள். பக் மார்க்கின் பிடி உங்கள் கைக்கு வாகாக அமைந்தால், தயங்காமல் அதையே எடுங்கள்.