அணைய வேண்டிய விண்மீன் ஏன் வெடிக்கிறது?

வணக்கம்.

எரிபொருள் தீர்ந்ததும் பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கின்றன என்று படித்தேன். எரிபொருள் தீர்ந்தால் அணைந்துதானே போக வேண்டும்? வெடிக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

மணிமாறன்

அன்புள்ள மணிமாறன்,

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த ஆற்றல் எரிவதால் வருவதல்ல, விழுவதால் வருவது. உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தாக்குகிறதே, அதே ஈர்ப்பாற்றல். விண்மீன் முதலில் உள்ளே சரிகிறது, வெடிப்பு அப்புறம்தான்.

சூரியனைப் போல 25 மடங்கு நிறையுள்ள விண்மீனில் ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் எரியும், அதாவது அதன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தரும். பிறகு ஹீலியம், கார்பன் என்று வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் சிலிக்கான் ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும். மிஞ்சுவது இரும்பு. இரும்பை இணைத்து ஆற்றல் பெற முடியாது.

அந்த இரும்பு மையம் சூரிய நிறையில் சுமார் 1.4 மடங்கை, அதாவது சந்திரசேகர் எல்லையை, நெருங்கும்போது தன் எடையைத் தானே தாங்க முடியாமல் போகிறது. பூமி அளவில் இருந்தது ஒரு விநாடிக்குள் சில பத்து கிலோமீட்டராகச் சுருங்குகிறது. எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து நியூட்ரான்களாக மாற, எதையும் பெரும்பாலும் தடையின்றி ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் பொங்கி வெளியேறுகின்றன. மையம் ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்க மறுத்து இறுகும்போது, விழுந்துகொண்டிருக்கும் பொருள் அதில் மோதித் திரும்புகிறது. அந்த அதிர்வலையே விண்மீனைச் சிதறடிக்கிறது என்று பலர் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆனால் கணினிக் கணக்குகளில் அது பாதி வழியிலேயே நின்றுபோகிறது. நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அங்குள்ள பொருளைச் சூடாக்கி அலையை மறுபடி கிளப்புகிறது என்பதே இன்றைக்கு வலுவான விளக்கம்.

வெளிப்படும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களோடு போய்விடுகிறது. நாம் காணும் ஒளி 0.01 சதவீத அளவுதான்! அதுவே ஒரு விண்மீன் மண்டலத்துக்கு ஈடாகப் பிரகாசிக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1987 பிப்ரவரி 23 அன்று ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று நாடுகளில் நிலத்தடியில் இருந்த கருவிகள் 13 விநாடிகளுக்குள் ஏறத்தாழ 25 நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன. நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் சரிந்திருந்தது. அதன் ஒளி வந்தது சில மணி நேரம் கழித்து. அதிர்வலை மேற்பரப்பை எட்ட அவ்வளவு நேரம் பிடித்தது. அந்த 25 துகள்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்று உலகின் நியூட்ரினோ கருவிகளை இணைத்து ஓர் எச்சரிக்கை வலை அமைத்திருக்கிறார்கள். ஒருநாள் இப்படி வெடிக்கப்போகும் பெரிய விண்மீனான திருவாதிரை (பெட்டல்ஜியூஸ்) வெடிக்கும்போது அந்தச் செய்தி தொலைநோக்கிகளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்துவிடும்.