ராணுவ நர்ஸ்: ரிசர்வா, ஆக்டிவ் டூட்டியா? கேள்வி பதில்

அமெரிக்க ராணுவத்தில் நாலு வருடம் முழுநேர (ஆக்டிவ் டூட்டி) ஐசியூ நர்ஸாக இருந்தேன். அப்புறம் வெளியே சிவில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ராணுவத்தில் இருக்கும் ரிசர்வுக்கு மாறினேன், இது ஒன்பதாவது வருடம். இரண்டில் எது நல்லது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.எஸ்.என். (நர்ஸிங் பட்டம்) முடிக்கப் போகிறேன் அக்கா. ரிசர்வில் சேர்ந்தால் அங்கேயே வேலை பழகிக்கொள்ளலாம் இல்லையா?

முடியாது. நிறையப் பேர் ஏமாந்துபோவது இதில்தான். ரிசர்வில் மாதம் ஒரு வீக்எண்ட் வரும் பயிற்சிக்கு டிரில் என்று பெயர். என் முதல் டிரில் வீக்எண்ட் இன்னும் நினைவிருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரிசையில் நின்றோம். ஃப்ளூ ஊசி, பல் பரிசோதனை, காது பரிசோதனை. மதியம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கட்டாயப் பாடங்கள். ஞாயிறன்று பொம்மையின் தொடையில் டூர்னிகே (ரத்தம் நிறுத்தும் பட்டை) இறுக்கிப் பழகினோம். இரண்டு நாளில் ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு என் சிவில் மருத்துவமனையில் வென்டிலேட்டர் நோயாளி காத்திருந்தார். கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதெல்லாம் அங்கேதான்.

ரிசர்வ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் திறமையைத்தான் வாங்கிக்கொள்கிறது. அதனால் புதிதாக வருகிறவருக்கு நான் ஆக்டிவ் டூட்டியைத்தான் சொல்வேன். அதிலும் எந்த மருத்துவமனை என்று பாருங்கள். சான் அன்டோனியோவில் உள்ள புரூக் ராணுவ மருத்துவமனை பொதுமக்களையும் சேர்க்கும் முதல்நிலை ட்ராமா சென்டர் (பெரிய விபத்து, காயங்களுக்கான மருத்துவமனை), வேலை கொட்டிக் கிடக்கும். சின்ன முகாம் மருத்துவமனையில் ஆரோக்கியமான இளைஞர்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டிலும் 20 வருடம்தானே? பென்ஷன் ஒன்றுதானே?

இல்லை, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 2018 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு 2 சதவீதம் என்ற கணக்கு. ஆக்டிவில் 20 வருடம் முடித்தால், அதிகம் வாங்கிய 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் 40 சதவீதம், வெளியே வந்தவுடனே கிடைக்கும்.

ரிசர்வில் புள்ளிக் கணக்கு. வருடத்துக்கு டிரில்லுக்கு 48 (ஒரு வீக்எண்டுக்கு நாலு டிரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி), உறுப்பினராக இருப்பதற்கு 15, இரண்டு வாரப் பயிற்சிக்கு 14, ஆக மொத்தம் 77. இருபது வருடத்துக்கு 1,540. அதை 360-ஆல் வகுத்தால் நாலேகால் வருடச் சேவைதான். பென்ஷன் சுமார் 8.5 சதவீதம், அதுவும் பொதுவாக 60 வயதில்தான் தொடங்கும். போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டால் புள்ளி கூடும், வயதும் கொஞ்சம் குறையும். 50 புள்ளிக்குக் குறைந்த வருடம் அந்த இருபதில் சேராது. அதனால் ஒவ்வொரு வருடமும் உங்கள் புள்ளிக் கணக்கை வாங்கிச் சரிபாருங்கள். எனக்கு ஒருமுறை ஆறு டிரில் விட்டுப்போயிருந்தது. பழைய சம்பளச் சீட்டை வைத்திருந்ததால்தான் திருத்த முடிந்தது.

இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ரிசர்வில் இருக்கும்போது திடீரென்று ஒரு வருடம் அழைத்தால் இப்போதைய வேலை போய்விடுமா?

வேலை போகாது. 1994-இல் வந்த யுசெர்ரா என்ற ராணுவப் பணியாளர் வேலைப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் இடத்தைக் காக்கிறது. 180 நாளுக்கு மேல் போயிருந்தால், திரும்பி வந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டிரில்லுக்காக உங்கள் சொந்த லீவை எடுக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. ஆனால் போயிருக்கும் நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது முதலாளியின் மனம்.

உங்களுக்கு நான் வேறொன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் என்றால் வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைத்துச் சேராதீர்கள். எனக்கு ஆர்டர் வந்தபோது மகளுக்கு நாலு வயது. பள்ளியில் கொண்டுவிடுவது யார், காய்ச்சல் என்றால் லீவு போடுவது யார் என்று பெயர் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனேன். அந்தத் தாளில் எழுத உங்களிடம் இரண்டு பெயராவது இருந்தால் சேருங்கள்.

வி.ஏ. மருத்துவமனையில் (முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை) நர்ஸ். ரிசர்வில் சேர்ந்து ராணுவத்தின் டிரைகேர் மருத்துவக் காப்பீடு வாங்கலாம் என்கிறார்கள், உண்மையா?

மற்றவர்களுக்கு உண்மை, மாதக் கட்டணம் கட்டி வாங்கலாம். மத்திய அரசு ஊழியர் காப்பீட்டுக்குத் தகுதி உள்ளவர்களுக்கு 2030 ஜனவரி வரை கிடையாது. நீங்கள் அந்தக் கூட்டம். காப்பீட்டை நம்பி மட்டும் இப்போது சேர வேண்டாம்.

முதலில் ரிசர்வ், பிடித்திருந்தால் ஆக்டிவ் என்று மாறலாமா?

மாறலாம், ஆனால் இடம் காலியாக இருந்து, ரிசர்விலிருந்து விடுவிப்புக் கடிதமும் கிடைக்க வேண்டும். ஆக்டிவிலிருந்து ரிசர்வுக்கு வருவது எவ்வளவோ சுலபம். எதில் சேர்ந்தாலும் மொத்தக் கடமை எட்டு வருடம் என்பதை மறக்காதீர்கள்.

"நர்ஸ்களை இப்போதெல்லாம் போர்ப்பணிக்கு அனுப்புவதில்லை" என்கிறார் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர். நம்பலாமா?

அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். போனஸோ படிப்புக் கடன் அடைப்போ வாக்குக் கொடுத்திருந்தால், அதையும் எழுத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.