சிறு குடும்பத் தோட்டத்தின் சிவப்பு ஒயினை ஏலத்தில் எடுக்கலாமா?

சிறு குடும்பத் தோட்டம் ஒன்றின் பழைய சிவப்பு ஒயின் ஏலத்துக்கு வருகிறது, துணிந்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் லேபிளில் உள்ள பெயரை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அந்த பாட்டில் இத்தனை ஆண்டும் எங்கே கிடந்தது என்று முதலில் கேளுங்கள். பட்டவன் சொல்கிறேன்.

கடையில் கிடைக்காத பெயர் ஒன்று ஏலப் பட்டியலில் கண்ணில் பட்டிருக்கும், விட்டால் இனி வராது என்று மனம் பதறியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அது பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் உள்ள ஒரு குடும்பம். அங்கே நிலம் வாரிசுகளிடையே துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. குளோ து வூஜோ என்ற ஐம்பது ஹெக்டேர் தோட்டத்துக்கே ஏறக்குறைய எண்பது உரிமையாளர்கள். சில வரிசைக் கொடிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு பீப்பாய்தான் தேறும். 228 லிட்டர், அதாவது சுமார் 300 பாட்டில். அதனால்தான் அந்த ஒயினுக்காக ஏலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் எடுத்தது 2005 அறுவடை, ஆறு பாட்டில் கொண்ட லாட், அதாவது ஒன்றாக ஏலம் விடும் தொகுப்பு. குறிப்பில் "நல்ல நிலை" என்று ஒரே வரி. படத்தில் முன்வரிசை மூன்று பாட்டில்கள் மட்டும் தெரிந்தன; பின்வரிசையைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பெட்டி வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பின்வரிசை மூன்றிலும் கார்க்குக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் காலியாக இருந்தது. ஒன்றில் கார்க் மேலே தள்ளி, மூடியின் ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்திருந்தது. வெப்பம் பட்டதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? திறந்தால், விளிம்பில் செங்கல் பழுப்பு, வாயில் வேகவைத்த பழத்தின் சோர்ந்த சுவை. புகார் செய்தேன். உள்ள நிலையிலேயே விற்கப்படுகிறது என்ற விதியைக் காட்டிவிட்டார்கள். ஏலத்தில் கேட்டு முடிந்த சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமாக 20 சதவீதத்துக்கும் அதிகமாகக் கட்டியதும் போனதுதான்.

எல்லா ஏல நிறுவனங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. முன்னும் பின்னும் நல்ல லாட்களும் எடுத்திருக்கிறேன். "குடிக்கிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு பேச்சா" என்பவர்களும் வருவார்கள். ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்து உண்டாக்கிய பொருளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சிறு குடும்பம் என்பதில் ஒரு வசதி உண்டு: எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வீட்டு ஆளே பதில் எழுதுவார். 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பர்கண்டியின் போன்சோ குடும்பம் 'குளோ சேன் தெனி' தோட்டத்தில் தயாரித்தவை என்று 1945 முதலான பாட்டில்கள் வந்தன. அந்தத் தோட்டத்தின் ஒயினை அவர்கள் தயாரிக்கத் தொடங்கியதே 1982-இல்தான். அந்தக் குடும்பத்தின் லோரான் போன்சோ ஏல அரங்குக்கே நேரில் போனார், லாட்கள் விலக்கப்பட்டன. அவற்றை விற்பனைக்குத் தந்த ரூடி குர்னியவான் பின்னர் போலி ஒயின் வழக்கில் சிறை சென்றார்.

என் 2005 பாட்டில்களைத் தயாரித்த குடும்பத்துக்கு நான் எழுதியதோ ஏலம் முடிந்த பிறகு. அந்த வீட்டு அம்மையார் பதில் போட்டார். தங்கள் நிலவறையில் அதே ஆண்டு பாட்டில்கள் இன்னும் இளமையாகவே இருக்கின்றன, நீங்கள் குடித்தது எங்கள் ஒயினே அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரோ வெயிலில் வைத்துக் கெடுத்ததற்கு அவர்கள் பெயர் கெடுகிறது. ஏலத்தில் விலை பல மடங்கு ஏறினாலும் அவர்களுக்கு ஒரு காசு போவதில்லை. ஓவியம் மறுவிற்பனையானால் ஓவியருக்கு ஒரு பங்கு தரும் சட்டம் பிரான்சில் 1920 முதலே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொடி வளர்ப்பவருக்கு அது ஏன் இல்லை என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.